டின்னின் அடியில் விரித்த தாள்

புக்கிட் செந்தோசா,
18 அக்டோபர் 2025, சனிக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் அவரும் நலம். அங்கு நீங்களும் மாப்பிள்ளை சரணும், வயிற்றுப் பிள்ளையோடு என் மகள் தனேஸ்வரியும் நலமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். தீபாவளிக்கு வழக்கம்போல முறுக்கு சுட்டு, பெரிய பிஸ்கட் டின் நிறைய மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு என் முறுக்கு என்றால் உயிர் என்று தனம் சொல்வாள். அதனால் இந்த முறை இரண்டு ஈடு கூடுதலாகப் பிழிந்தேன்.

போன மாதம் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நீங்கள் செய்த உபசாரத்தை மறக்க முடியாது. மீன் குழம்பின் மணம் இன்னும் என் கையில் இருக்கிறது.

ஒரு செய்தி. பாலர் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் சிறுகதை எழுதுவது உங்களுக்குத் தெரியும். ஞாயிறு பத்திரிகையில் மூன்று கதைகள் வந்தன. மூன்றிலும் கடைசிப் பத்தியில் எல்லோரும் திருந்திவிடுவார்கள். இப்போது கோல சிலாங்கூரில் ஓர் எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். வகுப்பை நடத்தும் லோகேஸ்வரன் சார் அந்த மூன்றையும் வாசித்துவிட்டு, "டீச்சர், ஒங்க கதையில யாருக்குமே வேர்க்கல. யார் வீட்லயும் ஒரு வாசனையும் இல்ல. எல்லாரும் ஐஸ் பொட்டிக்குள்ள குடும்பம் நடத்துற மாதிரி இருக்கு" என்றார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. துணிந்து எழுத வேண்டுமானால் முதலில் மூக்கையும் காதையும் திறந்து வைக்க வேண்டுமாம்.

அதனால் தினமும் பயிற்சி செய்கிறேன். கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அடுப்படியில் வேலை செய்தேன். நாக்கால் மட்டும் பொருள்களை அடையாளம் காண வேண்டும் என்று பாத்திரம் கழுவும் சோப்பை நக்கிவிட்டேன். ஈஜோக் வழியாகக் காரில் வரும்போது செம்பனை எண்ணெய் ஆலையின் நாற்றம் நெருங்கியதும் அவர் கண்ணாடியை ஏற்றினார், நான் இறக்கினேன்.

நவம்பர் முப்பதுக்குள் கொடுக்கும் கதைகளில் சிலவற்றைச் சார் தொகுப்பாகப் போடுகிறார். அதில் ஒரு கதையாவது வந்துவிட வேண்டும் என்று கிடந்து தவிக்கிறேன்.

டிசம்பர் ஏழாம் தேதி உங்கள் வீட்டில் தனத்துக்கு வளைகாப்பு. முதல் வளையல் உங்கள் கையால்தான். தாலி இல்லாதவர் போடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் அன்புச் சம்பந்தி,
புனிதவதி சுப்பிரமணியம்


அசாம் ஜாவா,
25 அக்டோபர் 2025

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். முறுக்கு கிடைத்தது.

டின்னின் அடியில் விரித்திருந்த தாளும் கிடைத்தது. எண்ணெய் படிந்திருந்தாலும் வாசிக்க முடிந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் அல்லவா, எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. 'இரா. வீடு, அசாம் ஜாவா, ஒரு மணி நேரம்' என்று தலைப்பு. இராஜம்மா என்று முழுதாகவே எழுதியிருக்கலாம். நான் ஆறாம் வகுப்பு வரை படித்தவள், எனக்கே புரிந்துவிட்டது.

நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

'கண்: அவள் மாமியார் படத்தில் வைத்த பொட்டு வழிந்து மூக்கு வரை வந்துவிட்டது. கிழவி தும்மப் போகிறவள் மாதிரி இருக்கிறாள். தோல்: சோபாவின் பிளாஸ்டிக் உறை காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. காது: இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க என்று சொல்லும்போதே சட்டியை மூடும் சத்தம். நாக்கு: மீன் குழம்பு இரண்டு முறை சூடு பண்ணியது. மூக்கு: ஹாலில் பாச்சை உருண்டை, குறைந்தது முப்பது. அடுப்படிக்குப் போகும் நடையில் வேறு என்னவோ நாற்றம். எலி செத்துக் கிடக்கிறதா?'

குழம்பின் மணம் இன்னும் கையில் இருக்கிறது என்று மேலே கடிதம், கீழே இந்தத் தாள். இரண்டும் ஒரே டின்னில்.

வளைகாப்பை ஒரு மண்டபம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எலி செத்துக் கிடக்கும் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிக்கு வளையல் போட வேண்டாம். முதல் வளையலுக்கும் வேறு ஆளைப் பாருங்கள். தனத்திடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவள் வயிற்றில் இருப்பது என் மகன் பிள்ளை.

வந்த டின்னை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அதனால் கறித்தூள் வைத்திருக்கிறேன். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடிதத்தைத் தாளுக்கு அடியில் வைத்திருக்கிறேன், பிள்ளைகள் பார்க்காமல் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் போட்டால் சரண் திறந்து பார்ப்பான், என் போனை அவன்தான் பார்க்கிறான்.

இப்படிக்கு,
இரா.


புக்கிட் செந்தோசா,
1 நவம்பர் 2025

என் பெரும் மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் காலில் விழுந்து எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டின்னில் தாள் விரித்தது அவர். முன்பெல்லாம் வீட்டில் பழைய பேப்பர் கட்டுக் கட்டாக இருக்கும். இப்போது பேப்பரையும் போனிலேயே படித்துவிடுவதால் முறுக்குக்கு அடியில் விரிக்கக்கூட ஒரு துண்டுத் தாள் இல்லை. சாப்பாட்டு மேசையில் கிடந்த என் நோட்டுத் தாளை எடுத்து, எழுதிய பக்கம் மேலே தெரிய, அழகாக நாலு மூலையும் மடித்து விரித்திருக்கிறார். "எழுதின தாளுன்னு தெரியலியா?" என்று கேட்டால், "நீ எழுதுறது எல்லாமே குப்பைக்குத்தானே போகுது" என்கிறார். முப்பத்திரண்டு வருடம் இந்த மனிதரோடு வாழ்ந்திருக்கிறேன்.

மேலும் அது உங்கள் வீடே இல்லை. கற்பனை வீடு. வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம்.

கறித்தூளுக்கு மிக்க நன்றி. திறந்ததும் மல்லி கருகிய வாசனை வந்தது. ஐயோ, கை தானாக எழுதிவிட்டது. இந்தப் பயிற்சி தொடங்கியதிலிருந்து இதே தொல்லை. அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்றால் இந்த வீட்டில் தாளே இல்லை என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

வகுப்பை விட்டுவிடுகிறேன். நீங்கள் மட்டும் வளைகாப்புக்கு வரமாட்டேன் என்று சொல்லாதீர்கள். என் மகள் உங்கள் வீட்டில் நிம்மதியாக இருக்கிறாள். என் மூக்கால் அதில் மண் விழுந்தால் என்னால் தாங்க முடியாது.

டின்னில் ரவா லட்டு.

மன்னிப்பை எதிர்பார்க்கும்,
புனிதவதி


அசாம் ஜாவா,
8 நவம்பர் 2025

சம்பந்தியம்மாவுக்கு,

லட்டு கிடைத்தது. கற்பனை வீட்டில் என் மாமியார் படம் எப்படி வந்தது?

கோபம் குறையவில்லை. ஆனால் தப்பாக எழுதியதைத் திருத்தாமல் இருக்க என்னால் முடியாது. குழம்பு இரண்டு முறை சூடு பண்ணியது இல்லை, மூன்று முறை. நீங்கள் வருவது எனக்கு முன்கூட்டித் தெரியாது, அது முந்தாநாள் குழம்பு. பாச்சை உருண்டை முப்பது இல்லை, முப்பத்தாறு. சோபாவின் உறை அப்படித்தான் இருக்கும், அது விருந்தாளிகள் அதிக நேரம் உட்காராமல் இருக்கப் போட்டது. உங்களிடம் மட்டும் அது வேலை செய்யவில்லை.

மாமியார் விஷயத்தில் நீங்கள் எழுதியது சரி. பொட்டைத் துடைத்துவிட்டு வைக்கலாம் என்று போனேன். தும்மப் போகிறவள் மாதிரி என்பது ஞாபகம் வந்து, விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன். இருபத்தொரு வருடம் என்னை ஆட்டி வைத்தவள். அப்படியே விட்டுவிட்டேன், தும்மட்டும்.

கடைசியில் எழுதியிருந்தீர்களே, நடையில் ஏதோ நாற்றம் என்று. அதைச் சரியாகச் சொல்லுங்கள். எந்தக் கதவு? எவ்வளவு கிட்டத்தில் போனதும் வந்தது? உண்மையிலேயே வந்ததா, அல்லது கதைக்காகச் சேர்த்ததா? மரியாதை பார்க்காமல் எழுதுங்கள். மரியாதையைத்தான் நீங்கள் வந்த அன்றைக்கே செருப்போடு வாசலில் விட்டுவிட்டீர்கள்.

டின்னில் மரவள்ளிக்கிழங்கு வறுவல்.

இராஜம்மா


புக்கிட் செந்தோசா,
15 நவம்பர் 2025

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

டின்னை வாங்கும்போது மாப்பிள்ளை, "என்னா அத்தே, இந்த டின்னு ஓயவே மாட்டேங்குதே. ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு செய்றீங்க, நடுவுல என் வயித்துக்குத்தான் ஆபத்து லா" என்றார். கிழங்கு வறுவலில் கால்வாசி ஈஜோக் தாண்டும்போதே காலியாகிவிட்டதாம். அடித் தாள் வரை போகவில்லை, நல்ல வேளை.

நீங்கள் கேட்டதால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனேன். வெளியே நல்ல மழை. அடுப்படிக்குத் திரும்பும் இடத்தில் கதவுக்குப் பின்னால் பச்சை நிற மழைக்கோட்டு ஒன்று ஆணியில் தொங்கியது. அதற்கு மூன்றடி தூரத்தில் போனதுமே அடித்தது. முதலில் புளித்த பால் என்று நினைத்தேன். கிட்டப் போனால் அதற்குள் வேறொன்று, பிணவாடை மாதிரி, தொண்டை வரை இறங்கியது. சார் சொல்லியிருந்தபடி மூக்கைப் பொத்தாமல் முப்பது வரை எண்ணினேன். இருபத்திரண்டில் குழம்பு மேலே வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து, உங்கள் வீடு எவ்வளவு குளுகுளுவென்று இருக்கிறது என்று உங்களிடம் சொன்னேன். கதைக்காக எதையும் சேர்க்கவில்லை. என் தாய் மேல் சத்தியம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வகுப்பை விடவில்லை. அந்தத் தாளில் இருந்ததை மனத்திலிருந்து எடுத்து எழுதிச் சாரிடம் காட்டினேன். இரண்டு முறை வாசித்துவிட்டு, "டீச்சர், இப்பத்தான் ஒங்க வீட்டுக் கதவு தெறந்திருக்கு" என்றார். அது உங்கள் வீட்டுக் கதவு என்று நான் சொல்லவில்லை. இதைக் கதையாக்கிக் கொடுத்தால் தொகுப்பில் போடுவாராம். நீங்கள் வேண்டாம் என்றால் கிழித்துவிடுவேன். மனம் வலிக்கும், ஆனாலும் கிழித்துவிடுவேன்.

டின்னில் தேங்காய் மிட்டாய்.

புனிதவதி


அசாம் ஜாவா,
22 நவம்பர் 2025

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நடையிலேயே நின்று வாசித்தேன்.

அது என் வீட்டுக்காரர் கார்த்திகேசுவின் மழைக்கோட்டு. எஸ்டேட்டைச் செம்பனைக்கு மாற்றிய பிறகும் அவர் ஈஜோக்கில் ஒரு சீனருடைய ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலைச் சாக்கில் கட்டி, மோட்டார்ச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் விற்பார். அது நாறினால் ஒரு மைலுக்குத் தெரியும். சாக்கில் வடியும் தண்ணீர் எல்லாம் அந்தக் கோட்டில்தான். "கோட்ட வெளிய கழட்டிப் போட்டுட்டு உள்ள வாங்க" என்று நான் ஏசாத நாள் கிடையாது. 2019இல் அவர் போனார். அதற்குப் பிறகுதான் கோட்டை வீட்டுக்குள் கொண்டுவந்து மாட்டினேன்.

இனி எழுதுவது நமக்குள் இருக்கட்டும். 2021இல் எனக்குக் கோவிட் வந்தது. அப்போது போன வாசனை திரும்பி வரவில்லை. நாலு வருடமாக என் மூக்குக்கு மல்லிகையும் ஒன்றுதான், மாட்டுச் சாணமும் ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை. குழம்பு கெட்டது தெரியாத மாமியாரிடம் எந்த மருமகள் அடுப்படியை விட்டு வைப்பாள்? அதனால்தான் எதையும் மூன்று முறை சூடு பண்ணுகிறேன். வீடு நாறுகிறதா இல்லையா என்று தெரியாமல் பாச்சை உருண்டையை அள்ளிப் போடுகிறேன். மல்லி கருகுவது புகை கண்ணில் பட்டால்தான் எனக்குத் தெரியும்.

தினமும் அந்தக் கோட்டில் முகத்தை வைத்துப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. காலியானது என் மூக்கா, கோட்டா என்று தெரியாமல் நிற்பேன். சரணைக் கேட்டால், "ஒண்ணும் நாறலம்மா" என்பான். அவன் என் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறவன். வருகிறவர்கள் எல்லோரும் உங்களைப் போலக் குளுகுளுவென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கோட்டிலிருந்து அவர் வாசனை போய்விட்டது என்றுதான் நம்பினேன். வளைகாப்புக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போது கோட்டையும் தூக்கிப் போட்டுவிட நினைத்திருந்தேன்.

அப்போதுதான் உங்கள் தாள் வந்தது, எலி செத்துக் கிடக்கிறதா என்று. அந்த வரியை முதல் தடவை கோபத்தோடு வாசித்தேன். அதற்குப் பிறகு வாசித்த தடவைகளில் கோபம் இல்லை.

கதையை எழுதிக் கொடுங்கள். என் மூக்கு விஷயம் மட்டும் வேண்டாம், தனத்துக்குத் தெரிந்துவிடும். வளைகாப்பு இங்கேயே நடக்கட்டும்.

உண்மை எழுதுவது தொற்றிக்கொள்ளும் போலிருக்கிறது. உங்கள் முறுக்கு எனக்கு உயிர் என்று தனம் சொன்னது பயத்தில் சொன்னது. எனக்கு மூக்குத்தான் இல்லை, பல் இருக்கிறது. மூன்று தீபாவளியாக அதை உரலில் இடித்துக் கோழிக்குப் போடுகிறேன். கோழிகளுக்கு உயிர்தான்.

டின்னில் எலுமிச்சை ஊறுகாய். கெட்டிருக்கிறதா என்று மோந்து பார்த்துச் சொல்லுங்கள்.

இராஜம்மா


புக்கிட் செந்தோசா,
29 நவம்பர் 2025

அன்புள்ள சம்பந்தியம்மா,

ஊறுகாய் கெடவில்லை. வெந்தயம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

முறுக்கு விஷயத்தை அவரிடம் சொன்னேன். முகத்தைக்கூடத் திருப்பாமல், "கோழியாச்சும் தின்னுச்சே" என்றார். இத்தனை வருடம் சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லாத மனிதர். அதற்குப் பிறகு உங்கள் கடிதத்தை மறுபடியும் தனியாகக் கழிவறைக்குள் போய் வாசித்து அழுதேன். நான் ஊறுகாய் போத்தலோடு உள்ளே போனதைப் பார்த்து, இது எந்தப் புலனுக்கான பயிற்சி என்று வெளியிலிருந்து கேட்டார்.

கதையைச் சாரிடம் கொடுக்கவில்லை. நாளையோடு தேதி முடிகிறது. உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். உங்கள் மூக்கு இல்லாமல் எழுதினால், சாப்பிட்ட வீட்டைக் குறை சொல்லும் ஒரு பொல்லாத பெண்ணின் கதையாகத்தான் வருகிறது. மூக்கோடு எழுத எனக்கு உரிமை இல்லை. சார், "ஏன் டீச்சர், பயந்துட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தொகுப்பு இல்லாமல் போனதில் வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். ரொம்ப வருத்தம்.

கோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏழாம் தேதி வந்து மூக்கை வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். உங்கள் மனம் நோகாமல் இருப்பதற்காக எதுவும் சொல்ல மாட்டேன். அன்று முதல் வளையல் உங்கள் கையால்தான், அதில் மாற்றம் இல்லை.

டின்னில் கடைப் பிஸ்கட். என் கை படவே இல்லை.

புனிதவதி


அசாம் ஜாவா,
13 டிசம்பர் 2025

புனிதவதி,

சம்பந்தியம்மா என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். எனக்கு உங்களைவிட ஆறு வயது கூட, பெயரைச் சொன்னால் தப்பில்லை.

வளைகாப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முதல் வளையலை எடுக்கச் சொல்லி நீங்கள் என்னைக் கூப்பிட்டதும் பின்னால் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். நீங்கள் திரும்பி, "யாருக்காச்சும் தொண்டை சரியில்லையா? சுடுதண்ணி கொண்டு வரச் சொல்லவா?" என்று கேட்டீர்கள். பச்சை வளையலை நானே தனத்தின் கையில் ஏற்றினேன்.

உங்களோடு பிரசவத்துக்குக் கிளம்பும் முன்பு அவள் அடுப்படிக்கு வந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, மூக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "தெரியும் அத்தே" என்றாள். "பால் திரிஞ்சாக்கூட நீங்க குடிச்சிருவீங்க. அதான் காலையில நானே முதல்ல மோந்து பாத்துருவேன்." கல்யாணம் ஆகி வந்த மாதமே கண்டுபிடித்துவிட்டாளாம். கெட்ட குழம்பை எனக்குத் தெரியாமல் ஊற்றிவிட்டு, பானை காலியானதற்குச் சரண் பேரைச் சொல்லியிருக்கிறாள். என் மகன் நிறையச் சாப்பிடுகிறான் என்று நான் மூன்று வருடமாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறீர்கள். அவள் உங்களோடு இருக்கும் வரை பாலைச் சரண் மோந்து பார்க்க வேண்டும் என்று எழுதி ஐஸ் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆகவே இனி மறைக்க ஒன்றும் இல்லை. மூக்கோடு கதையை எழுதுங்கள். இந்த வருடம் தேதி முடிந்தால் அடுத்த வருடம் கொடுங்கள். என் பெயரையே போடுங்கள், இரா. என்று வேண்டாம். பாச்சை உருண்டை முப்பத்தாறு என்பதை மறக்க வேண்டாம். டின்னில் வைத்திருப்பது வெறும் தாள், நூறு பக்கம் இருக்கும். சரணை விட்டு வாங்கி வரச் சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக நீங்கள் நடைக்குப் போனதைப் பார்த்தேன். நானும் பின்னாலேயே வந்தேன். நீங்கள் கோட்டில் மூக்கை வைத்துவிட்டுத் திரும்பி, "இருக்கு சம்பந்தியம்மா, அப்படியே இருக்கு" என்றீர்கள். அந்த வார்த்தையை நான் நம்பவில்லை. நல்ல வார்த்தை சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. ஆனால் அதற்கு முன்னால் உங்கள் முகம் கோணியதைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் முட்ட, புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அதை நான் நம்பினேன்.

மாதத்துக்கு ஒரு தரம் வந்து அந்த முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள்.

இராஜம்மா